காதில் ஓயாத இரைச்சல்: காரணங்களும் நிவாரணமும்

வெளியில் எந்த ஒலியும் எழாத நிலையில் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருப்பதை மருத்துவர்கள் ‘டின்னிட்டஸ்’ என்று அழைக்கின்றனர். மணி ஒலித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. சுசுருத சங்கிதை காது நோய்களின் வரிசையில் இதனைக் ‘கர்ணநாதம்’ என்று குறிப்பிடுகிறது. நம் வீடுகளில் காது இரைச்சல் என்போம். சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரமாகக் கேட்கிறது. சிலருக்குக் குக்கரில் ஆவி சீறுவது போல. வேறு சிலருக்குச் சங்கைக் காதோடு சேர்த்து வைத்தது போல. ஒரு காதில் மட்டும் கேட்பவர்களும் உண்டு, தலை முழுவதும் நிறைந்து கேட்பவர்களும் உண்டு.

இது அரிதான தொல்லை அன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர், அதாவது 74 கோடிக்கும் அதிகமானோர், இதை அனுபவித்துள்ளனர். இவர்களில் சுமார் 12 கோடிப் பேருக்கு அது கடுமையான தொல்லையாக உள்ளது. இசைமேதை பேத்தோவன், 1801ஆம் ஆண்டில் தம் மருத்துவ நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் தம் காதுகள் இரைந்துகொண்டே இருப்பதாக முறையிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

வங்கி இதழில் காது நோய்க்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். நமது வாடிக்கையாளர்களில் ஓய்வூதியம் பெறுவோர் பலர். வயது கூடக் கூட இத்தொல்லையும் கூடுகிறது. நான் பணியாற்றும் கிளையோ மும்பைக்கு அருகே, விசைத்தறிகள் நிறைந்த பிவண்டியில் உள்ளது. அங்கே கணக்கு வைத்திருப்பவர்களிடம் ஒரு விவரத்தை இரண்டு முறை உரக்கச் சொல்வது எங்கள் ஊழியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மற்றொரு காரணமும் உண்டு. இந்த இரைச்சலை ஒழித்துத் தருவதாகக் கூறி விற்கப்படும் பொருள்களுக்காக மக்கள் சேமிப்பை இழப்பதை வங்கியில் இருப்பவர்கள் நேரில் பார்க்கிறோம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஓசை எங்கிருந்து எழுகிறது?

நம் உட்செவியில் நத்தைக்கூடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய முடிச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலைகள் இவற்றை அசைக்கும்போது அந்த அசைவு மின்குறிப்பாக மாறி நரம்பு வழியே மூளையை அடைகிறது. முதுமையாலோ, பேரொலியாலோ, சில மருந்துகளாலோ இந்தச் செல்கள் அழிந்தால் மனித உடலில் அவை மீண்டும் முளைப்பதில்லை. பொதுவாக உச்ச அலைவரிசைக்குரிய செல்களே முதலில் கெடுகின்றன.

செல்கள் அழிந்த இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வருவது குறைகிறது. வராத செய்தியைப் பெற முயன்று மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் சரியாகக் கிடைக்காதபோது வானொலியின் ஒலியளவைத் திருகினால் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்குமல்லவா, அதைப் போன்றதே இது. வணிகவியல் படித்த எனக்கு வேறோர் உவமை தோன்றும். வரவுப் பதிவு எதுவும் இல்லாமலேயே இருப்பில் ஒரு தொகை காட்டும் பேரேடு அது. ஆகவேதான் செவி நரம்பை அறுத்தாலும் பலருக்கு இரைச்சல் நிற்பதில்லை; பிழை கிளையில் தொடங்கியிருந்தாலும் பதிவு தலைமையகத்தில் நடக்கிறது.

மூளையின் இந்த இயல்பு எல்லோரிடமும் ஓரளவு உண்டு. 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கேட்கும் திறனில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தி, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். சில நிமிடங்களுக்குள் 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஓசை கேட்பதாக எழுதினர். ஆகவே ஓசை இருப்பது மட்டுமே நோய் ஆகிவிடுவதில்லை. மூளை அதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு இடைவிடாது கவனிக்கத் தொடங்கும்போதுதான் அது துன்பமாகிறது. கவனித்தால் அச்சம், அச்சத்தால் மேலும் கவனம், இரவில் தூக்கமின்மை, காலையில் களைப்பு, களைப்பால் இரைச்சல் மேலும் பெரிதாகத் தோன்றுதல் என்று ஒரு சுழல் உருவாகிவிடுகிறது. பாவெல் ஜாஸ்ட்ரபாஃப் என்னும் அறிவியலாளர் 1990ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த விளக்கமே இன்றைய சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு அடிப்படை.

காரணங்களைத் தேடும்போது

மிக எளிய காரணம் காதில் அடைத்த குறும்பி. மருத்துவர் அதை அகற்றியதும் இரைச்சல் நின்றவர்கள் உண்டு. ஆனால் ஊக்கு, தீக்குச்சி, பஞ்சு சுற்றிய குச்சி ஆகியவற்றால் தாமே குடைந்தால் குறும்பி மேலும் உள்ளே போகும். செவிப்பறை கிழியவும் கூடும். தெருவோரத்தில் காது சுத்தம் செய்பவர்களிடம் காதைக் கொடுக்கும் வழக்கம் வடமாநில நகரங்களில் இன்றும் உள்ளது. தயவுசெய்து வேண்டாம்.

நடுக்காதில் சீழ், செவி எலும்பு இறுகும் நோய், தலைச்சுற்றலோடு வரும் மெனியர் நோய், தாடை மூட்டின் கோளாறு, இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். மருந்துகளும் காரணமாகலாம். ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகள், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின், அதிக அளவிலான ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குயினைன் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. உயிர் காக்கும் மருந்துகள் இவை. தாமாக நிறுத்திவிடக் கூடாது. இரைச்சல் தொடங்கிய நாளை மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ இயலும்.

எல்லாவற்றிலும் தவிர்க்கக்கூடியது பேரொலி. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை பணியாற்றலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 88 டெசிபலில் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் வெறும் 15 நிமிடம். கூட்டு வட்டி எப்படி வளரும் என்று அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 3 டெசிபல் என்பது சிறிய கூடுதலாகத் தோன்றினாலும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது என்பதே அதன் பொருள். விசைத்தறிக் கூடத்தில் ஒலி 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். பேரொலியால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, நம் நாட்டுச் சட்டத்தில் அறிவிக்கத்தக்க தொழில்சார் நோய்களுள் ஒன்றாக உள்ளது. ஆயினும் தறிக்கூடங்களில் காதடைப்பான் அணிந்தவரைக் காண்பது அரிது. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது.

இளைஞர்களுக்கு இயந்திரத்தைவிட காதொலிப்பான் பெரிய ஆபத்து. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குமேல் கேட்கக் கூடாது. புறநகர் ரயிலின் இரைச்சலுக்கு மேலாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்று ஒலியளவைக் கூட்டுபவர்கள் இந்த வரம்பை எளிதில் கடந்துவிடுகின்றனர்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்

ஓரிரு நாளில் ஒரு காதின் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்து, கூடவே இரைச்சலும் தொடங்கினால் அதை அவசரநிலையாகக் கருத வேண்டும். சளி பிடித்ததால் காது அடைத்திருக்கிறது என்று எண்ணி ஒரு மாதம் காத்திருப்பவர்களே பலர். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. முதிர்வுத் தேதி கடந்த பத்திரத்தைப் புதுப்பிக்கலாம்; இந்தத் தேதியைப் புதுப்பிக்க இயலாது.

நாடித்துடிப்போடு ஒத்து ‘டக், டக்’ என்று கேட்கும் இரைச்சல் வேறு வகையானது. அது இரத்தக் குழாயில் உள்ள கோளாறைக் காட்டக்கூடும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், முக வாதம், கடும் தலைச்சுற்றல், தலையில் அடிபட்ட பின் தொடங்கிய இரைச்சல் ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு ஐந்து ஆண்டுகளாக இடக் காதில் மட்டும் மெல்லிய விசில் ஓசை இருந்து வருகிறது. ஒரு பக்கம் மட்டும் என்பதால் செவி நரம்பில் கட்டி ஏதும் உள்ளதா என்று அறிய மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கட்டி இல்லை. இத்தகைய கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அன்று, மிக மெதுவாக வளர்வது. எனினும் முடிவு வரும்வரை இருந்த மூன்று நாள்களில் இரைச்சல் இருமடங்காகக் கேட்டது, முடிவு வந்த மாலையில் பாதியாகிவிட்டது. ஓசையின் அளவில் மனநிலைக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை நான் அன்று அறிந்துகொண்டேன்.

முதலில் பார்க்க வேண்டியவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அவர் காதைப் பரிசோதித்தபின் ஆடியோமெட்ரி எனப்படும் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புவார். அதைச் செய்பவர் கேட்பியல் நிபுணர். தொல்லையின் அளவை அறிய 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளும் உண்டு; 0 முதல் 100 வரை மதிப்பெண். 16க்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை, 58க்கு மேல் கடுமையானது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதை நிரப்பினால் முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதிகள் கிடைக்கின்றன. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், மும்பை பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் ஆகியவை இத்துறைக்கென்றே மத்திய அரசு நடத்துபவை.

நிவாரணம் எது, எது அல்ல

இரைச்சலை முற்றிலும் அணைத்துவிடும் மாத்திரை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம். ஆனால் “ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவதும் சரியன்று. பழகிக்கொள்வதற்கும் முறை உண்டு, உதவியும் உண்டு.

செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியே பல வேளைகளில் இரைச்சலுக்கும் மருந்து. வெளி ஒலிகள் மீண்டும் மூளையை எட்டும்போது அது உள்ளே தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. கருவி அணிவதை முதுமையின் முத்திரையாகக் கருதி மறுப்பவர்கள், மூக்குக்கண்ணாடியை அணியும்போது அவ்வாறு எண்ணுவதில்லை என்பது எனக்கு என்றுமே விளங்காத ஒன்று.

இரண்டாவது, ஒலிச் சிகிச்சை. முழு அமைதியில் இரைச்சல் ஓங்கும். எனவே படுக்கையறையில் மின்விசிறி ஓசை, மெல்லிய மழை ஓசை, தாழ்ந்த ஒலியில் வானொலி என ஏதேனும் ஒன்றை இரைச்சலைவிடச் சற்றே குறைவான அளவில் வைத்துக்கொள்ளலாம். இரைச்சலை மூழ்கடிக்க வேண்டியதில்லை. அதன் முனைப்பைக் குறைத்தால் போதும்.

மூன்றாவது, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் உளவியல் முறை. ஓசையைப் பற்றிய அச்ச எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து மாற்றிக்கொள்ளப் பயிற்சி அளிப்பது இது. 2020ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வாழ்க்கையின்மீது இரைச்சல் செலுத்தும் பாதிப்பை இம்முறை குறைக்கிறது என்று கூறியது. ஓசை அப்படியே இருந்தாலும் அது தரும் துன்பம் குறைகிறது. மனநல நிபுணரிடம் அனுப்பினால் “எனக்கென்ன பைத்தியமா” என்று வருந்த வேண்டாம். தூக்கமின்றி மனம் தளர்ந்துபோனவர்கள், குறிப்பாக வாழ்க்கையே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தவர்கள், மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சங்கம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜிங்கோ இலைச்சாறு, மெலட்டோனின், துத்தநாகச் சத்து போன்றவற்றை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறுகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் ஜிங்கோ மாத்திரை இன்றும் தாராளமாக விற்பனையாகிறது.

சேமிப்புக்கு வரும் ஆபத்து

எங்கள் கிளைக்கு அறுபது வயதைக் கடந்த ஒரு தறி உரிமையாளர் வந்தார். ஒன்றரை லட்ச ரூபாய் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரக் கேட்டார். மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்த தொகை என்பது எனக்குத் தெரியும். காரணம் கேட்டேன். “நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை, மேனேஜர் சாஹிப். காதுக்குள் தறி ஓடுகிறது. தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாலும் ஓடுகிறது” என்றார். கைப்பேசியில் பார்த்த ஒரு விளம்பரத்தைக் காட்டினார். காதில் மாட்டும் ஒரு கருவி. இருபத்தொரு நாளில் நூறு சதவீதக் குணம். இன்று மாலைக்குள் முழுத் தொகையையும் அனுப்பினால் பாதி விலை.

வைப்பை முடிப்பது அவருடைய உரிமை. மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. “சாச்சா, பணம் உங்களுடையது, இப்போதே தருகிறேன். ஆனால் மருத்துவர் யாரிடமாவது காட்டினீர்களா?” என்று மட்டும் கேட்டேன். காட்டவில்லை. விற்பவரின் முகவரியையும், பொருள் பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அந்த எண்ணுக்கே அழைத்துக் கேட்கச் சொன்னேன். முகவரி கேட்டதும் மறுமுனையில் குரல் மாறியது; இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிந்துவிடும் என்றார்கள். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதித்ததில் இரு காதிலும் செவித்திறன் குறைந்திருந்தது. இப்போது கருவி அணிகிறார். “தறி இன்னும் ஓடுகிறது, ஆனால் அடுத்த தெருவில் ஓடுகிறது” என்று அண்மையில் கூறினார்.

இத்தகைய விளம்பரங்களைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், காது கேளாமை உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. ஆனால் சமூக ஊடகத்தில் ஒரு கணக்கை மூடினால் மறுநாள் வேறொன்று முளைக்கிறது. பணம் அனுப்பியபின் ஏமாற்று என்று தெரியவந்தால் 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள். தொகை வேறு கணக்குக்கு நகர்வதற்கு முன் தடுத்து வைக்க வாய்ப்பு உண்டு. இரைச்சல் இயல்பாகவே சில நாள் கூடும், சில நாள் குறையும். குறைந்த நாளில் வாங்கிய பொருளுக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

காப்பீடும் வரிச்சலுகையும்

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் மட்டுமே தொகை தரும். காது இரைச்சலுக்கான ஆலோசனை, பரிசோதனை ஆகியவை புறநோயாளிச் செலவுகள். காது கேட்கும் கருவியையும் பல திட்டங்கள் விலக்கியுள்ளன. எனவே பாலிசியின் விலக்குகள் பட்டியலை வாங்கும் முன் படியுங்கள். ஏற்கெனவே இரைச்சல் இருந்தால் முன்மொழிவுப் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்தால் பிற்காலத்தில் வேறொரு காது அறுவை சிகிச்சைக்கான கோரிக்கையும் மறுக்கப்படலாம். 2024ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி, முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான்.

காது கேட்கும் கருவிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. விலைப்பட்டியலில் அந்த வரி சேர்க்கப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். காது இரைச்சல் மட்டும் இருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அதனுடன் இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்குச் செவித்திறன் இழப்பு இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர் செவித்திறன் குறைந்தவர் என்னும் வரையறைக்குள் வருகிறார். குறைந்த வருமானம் உடையவர்கள் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கீழ்க் கருவி பெற விண்ணப்பிக்கலாம்.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டி என்று நாம் அறிந்த பிரிவின் கழிவு உண்டு. நோய்த்தடுப்பு உடற்பரிசோதனைக்கு ஆண்டுக்கு ரூ.5,000 வரை அதில் அடங்கும். செவித்திறன் பரிசோதனையையும் அந்தப் பரிசோதனையுடன் சேர்த்துச் செய்துகொள்ளலாம். காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு ரூ.50,000 வரை கழிவு கோரலாம். கருவியின் விலையை அதில் சேர்ப்பது பற்றி உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடற்பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் ரொக்கமாகச் செலுத்தலாம்; ஏனைய செலவுகளைக் காசோலை, அட்டை, இணையவழி ஆகியவற்றில் ஒன்றின் மூலம் செலுத்தியிருந்தால்தான் கழிவு ஏற்கப்படும். ரசீதில் நோயாளியின் பெயர் சரியாக உள்ளதா என்பதை அங்கேயே பார்த்துவிடுங்கள்.